பின்னிக்கொள்ளும் மனநல அறிகுறிகள்: பிரித்தறியவும் அன்றாடம் சமாளிக்கவும் ஒரு வழிகாட்டி

தூக்கம் சரியில்லை. எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. உடம்பு எப்போதும் அசதியாக இருக்கிறது. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால், மனச்சோர்வு என்று ஒரு பக்கம் சொல்லும், பதற்றக் கோளாறு என்று இன்னொரு பக்கம் சொல்லும். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், மனநிலை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் மாறும் இருமுனையக் கோளாறு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதைப் படித்தாலும் நம்மைப் பார்த்தே எழுதியதுபோல் தோன்றும். படித்து முடிக்கும்போது தெளிவு பிறப்பதில்லை, பயம்தான் கூடுகிறது.

அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. ஆனால் பெயர் தெரிவதற்கு முன்பே நாம் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ‘எனக்கு என்ன நோய்’ என்ற கேள்வியைச் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். அதற்குப் பதிலாக ‘எது முதலில் வருகிறது, எது அதைத் தொடர்ந்து வருகிறது’ என்று கேட்கத் தொடங்குங்கள். நுனி கிடைத்தால் நூல்சிக்கல் தானே அவிழத் தொடங்கும்.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

சில நிலைமைகளில் குறிப்பெடுத்துக்கொண்டும் கவனித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்து அதற்கான வழியையும் நேரத்தையும் மனம் யோசிக்கத் தொடங்கியிருந்தால், அன்றே உதவி தேவை. பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பல இரவுகள் தூங்காமலேயே களைப்பில்லாமல் பரபரப்பாக இருப்பது, உணவையும் தண்ணீரையும் அடியோடு விட்டுவிடுவது ஆகியவையும் அப்படித்தான். நெடுநாள் குடித்துவந்த ஒருவர் மதுவைச் சட்டென்று நிறுத்திய பிறகு நடுக்கமோ குழப்பமோ வலிப்போ வந்தால் அது உயிருக்கே ஆபத்து.

இந்தச் சமயங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். உதவி வரும்வரை தனியாக இருக்க வேண்டாம். மாத்திரைகள் போன்ற ஆபத்தான பொருட்களை வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். இது சிறிய செயலாகத் தெரியலாம். ஆனால் தீவிரமான உந்துதல் பெரும்பாலும் ஏறி இறங்கும் இயல்புடையது. அந்த நேரத்தில் வழி எட்டாத தூரத்தில் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

அறிகுறிகள் ஏன் இப்படிக் கலந்து வருகின்றன

மனநல மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது 5, இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். தாழ்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தாக வேண்டும். பொதுவான பதற்றக் கோளாறுக்கு ஆறு மாதமாவது நீடிக்கும் கவலையும், அதனுடன் 6 அறிகுறிகளில் மூன்றும் தேவை. தூக்கக் கோளாறு, களைப்பு, கவனமின்மை ஆகிய மூன்றும் இரண்டு பட்டியல்களிலும் இருக்கின்றன. ஆக, நம்மை மிகவும் வாட்டும் அறிகுறிகள்தான் நோயைப் பிரித்துக் காட்டுவதில் மிகக் குறைவாக உதவுகின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒன்பதில் ஐந்து போதுமென்றால், மனச்சோர்வு உள்ள இருவருக்கிடையே ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஒருவர் நாளெல்லாம் தூங்குவார், இன்னொருவர் விடிய விடிய விழித்திருப்பார். இருவரையும் ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். எனவே ‘தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி இல்லையே’ என்ற ஒப்பீடு எதற்கும் பயன்படாது.

ஒன்றுக்கு மேற்பட்ட பிரச்சினைகள் உண்மையிலேயே சேர்ந்து இருப்பதும் மிகச் சாதாரணம். அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை நடந்த தேசிய அளவிலான ஆய்வில், அதற்கு முந்தைய ஓராண்டில் மனநலக் கோளாறு இருந்தவர்களில் சுமார் 45 சதவீதத்தினருக்கு இரண்டோ அதற்கு மேலோ இருந்தது தெரியவந்தது. இரண்டு மூன்று பெயர்கள் பொருந்துவதுபோல் தெரிந்தால் உங்கள் நிலை விசித்திரமானது என்று பொருளில்லை. சேர்ந்து வந்த பிரச்சினைகளுக்கும் சேர்த்தே சிகிச்சை இருக்கிறது.

உடம்பைப் பார்த்துவிடுங்கள்

இதை முதல் வேலையாகச் செய்யச் சொல்வேன். தைராய்டு குறைவாகச் சுரந்தால் சோர்வு, மந்தம், எடை கூடுதல், தாழ்ந்த மனநிலை ஆகியவை வரும். அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, நடுக்கம், எடை குறைதல், தூக்கமின்மை எனப் பதற்றக் கோளாறைப் போலவே காட்டும். ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை களைப்பையும் கவனமின்மையையும் தரும். சர்க்கரை தாழும்போது வியர்வையும் படபடப்பும் எரிச்சலும் வரும். குறட்டைவிட்டு இடையிடையே மூச்சு நின்று நின்று தூங்குபவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் களைப்பாகத்தான் எழுவார். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பெண்களுக்குத் தூக்கமும் மனநிலையும் குலைவது உண்டு.

எடுத்துக்கொள்ளும் மருந்துகளையும் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுக்கலாம், மனநிலையை ஏற்றி இறக்கலாம். மூச்சிரைப்புக்கான சில இன்ஹேலர்கள் படபடப்பைத் தரும். காபியில் உள்ள கஃபீனில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே பொதுவாக ஐந்து மணி நேரம் போல் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபி இரவு பதினொன்றுக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். மது முதலில் தளர்வைத் தந்து தூங்கவைத்தாலும், பின்னிரவில் தூக்கத்தை உடைத்து மறுநாள் பதற்றத்தைக் கூட்டும்.

திடீர்ப் பீதி வரும்போது நெஞ்சு அழுத்துவதும் மூச்சு முட்டுவதும் இயல்பு. ஆனால் முதல்முறை நெஞ்சுவலி வரும்போது ‘இது பதற்றம்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரே அறிகுறியின் உள்ளே நுழைந்து பாருங்கள்

வெளியிலிருந்து ஒன்றாகத் தெரியும் அறிகுறிகள் உள்ளே வேறு வேறாக இருக்கும். ‘கவனம் நிற்கவில்லை’ என்ற புகாரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தைப் படிக்க உட்கார்கிறீர்கள். மூன்றாவது வரியிலேயே பிடி நழுவுகிறது. அந்தக் கணத்தில் மனம் எங்கே போனது என்று பாருங்கள்.

‘நாளைக்குக் கூட்டத்தில் கேள்வி கேட்டால் என்ன சொல்வது, பதில் தெரியாவிட்டால் வேலை போய்விடுமா’ என்று வராத நாளை நோக்கி ஓடியிருந்தால், அது பதற்றத்தின் போக்கு. எங்கேயும் போகாமல் சொற்கள் கண்முன் கிடந்தும் உள்ளே இறங்காமல், ‘படித்து என்ன ஆகப்போகிறது’ என்ற கனம் அழுத்தினால் அது மனச்சோர்வின் போக்கு. ஜன்னலில் ஒரு பறவை, அதிலிருந்து ஒரு யோசனை, அதைத் தேடக் கைபேசி, அங்கிருந்து வேறொன்று எனக் கால் மணி நேரம் போனதே தெரியாமல் போயிருந்தால், சிறுவயது முதலே அப்படித்தானா என்று கேட்டுப் பாருங்கள். ஏடிஎச்டி இருந்தால் அதன் தடயங்கள் 12 வயதுக்கு முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வயதில் திடீரென்று தொடங்கிய கவனக்குறைவுக்கு முதலில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கதவு சாத்தும் ஓசைக்கே உடம்பு விதிர்த்து, அறையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண் அலைந்துகொண்டிருந்தால், அது பழைய அதிர்ச்சியின் எச்சரிக்கை மணி இன்னும் ஓயவில்லை என்பதைக் காட்டலாம். ‘அடுப்பை அணைத்தேனா’ என்ற ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, எழுந்துபோய்ச் சரிபார்த்தால்தான் அடங்குகிறது என்றால் அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் பக்கம் சாய்கிறது. இதற்காக ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போகிறதா என்பதை மருத்துவர்கள் கேட்பார்கள்.

இந்த ஐந்தும் ஒரே ஆளிடம் வெவ்வேறு நாட்களில் வரலாம். தூக்கம் இல்லாத யாரிடமும் முதல் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். எனவே ஒரு நாளைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

தூக்கத்தையும் இப்படியே கேளுங்கள். படுத்தபின் எண்ணங்கள் சுழன்று தூக்கம் வராமல் போவது பதற்றத்தில் அதிகம். தூங்கிவிட்டு மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து, அந்த நேரத்தில்தான் மனம் அடிமட்டத்தில் கிடப்பது மனச்சோர்வில் அடிக்கடி நடக்கும். கெட்ட கனவால் திடுக்கிட்டு எழுவதும் மறுபடி படுக்கப் பயப்படுவதும் அதிர்ச்சிக்குப் பிந்தைய நிலையில் வரும். இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கியும் களைப்பே இல்லை, உற்சாகம் பொங்குகிறது, பேச்சு வேகமெடுக்கிறது, பணம் தண்ணீராய்ச் செலவாகிறது என்றால் அது தூக்கமின்மை அல்ல. தூக்கத்தின் தேவையே குறைந்துபோன நிலை. இருமுனையக் கோளாறின் எழுச்சிப் பக்கத்துக்கு இதுவே முக்கியமான அடையாளம்.

எரிச்சலை மட்டும் வைத்து எதையும் பிரிக்க முடியாது. அது எல்லா நிலைகளிலும் வரும். எரிச்சலுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது என்பது மட்டுமே பயன் தரும் கேள்வி.

காலக்கோடு வரையுங்கள்

ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, இடது ஓரத்தில் பள்ளிப் பருவத்தையும் வலது ஓரத்தில் இன்றையும் குறியுங்கள். தொந்தரவு தொடங்கிய காலம், குறைந்த காலம், திரும்பி வந்த காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வேலை மாற்றம், இழப்பு, பிரசவம், நோய், விபத்து, புதிய மருந்து ஆகியவற்றைக் கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். எது முதலில் வந்தது என்பது மருத்துவருக்கு மிகப் பெரிய துப்பு. பதினைந்து வயதிலிருந்தே கூட்டத்தில் பேசப் பயம், அதனால் நண்பர்கள் குறைந்தார்கள், வாய்ப்புகள் கைநழுவின, இருபத்தைந்தில் மனச்சோர்வு வந்தது என்று கோடு சொன்னால், மனச்சோர்வுக்கு மட்டும் சிகிச்சை எடுப்பது பாதி வேலைதான்.

கோட்டில் தாழ்ந்த காலங்களை மட்டும் குறிக்காதீர்கள். வழக்கத்துக்கு மாறாக மிக உயர்ந்திருந்த காலங்களையும் குறியுங்கள். குறைந்தது நான்கு நாள் தொடர்ந்து, பிறர் கவனிக்கும் அளவுக்கு வேகமும் தன்னம்பிக்கையும் கூடி, தூக்கம் தேவைப்படாமல் இருந்ததுண்டா? அத்தகைய நாட்கள் அந்த ஆளுக்கு நோயாகவே தோன்றாது, ‘அப்போதுதான் நன்றாக இருந்தேன்’ என்பார். அதனால்தான் இருமுனையக் கோளாறு உள்ள பலர் முதலில் மனச்சோர்வு நோயாளிகளாகவே மருத்துவரிடம் வருகிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு உங்களை நன்கு அறிந்த ஒருவரின் பதிலையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரக் குறிப்பு

நாள் முழுவதும் மனநிலையை அளந்துகொண்டே இருப்பதும் ஒரு தொல்லையாகிவிடும். இரண்டு வாரம் போதும், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிகழ்வையும் அதைத் தொடர்ந்து வந்ததையும் அதே வரிசையில் எழுதுவதே முக்கியம். இப்படி இருக்கலாம்:

செவ்வாய். தூங்கியது 1.30, எழுந்தது 7. காலை மேலாளரின் மின்னஞ்சல், திறக்கவில்லை. 10 மணி: வயிற்றில் பிசைவு, மூன்றுமுறை கைபேசியை எடுத்து வைத்தேன். மதியம்: இன்னும் திறக்கவில்லை, உருப்படியில்லாதவன் என்ற எண்ணம். மாலை: தோழியின் அழைப்பை எடுக்கவில்லை. 8 மணி: மின்னஞ்சலைத் திறந்தேன், விடுமுறைப் பட்டியல்தான் கேட்டிருக்கிறார். ஒன்றும் செய்யாத நாளுக்கு இவ்வளவு களைப்பு.

இந்தச் சில வரிகளில் பதற்றம், தவிர்த்தல், தன்னைத் தானே பழித்தல், ஒதுங்குதல், களைப்பு எல்லாம் இருக்கின்றன. மாலையில் இவரைப் பார்ப்பவர் மனச்சோர்வை மட்டுமே காண்பார். குறிப்பைப் படிப்பவருக்கு, சோர்வு மதியத்துக்குப் பிறகுதான் வந்தது என்பதும், காலையில் திறக்காமல் விட்ட ஒரு மின்னஞ்சல்தான் அதற்கு வழிவிட்டது என்பதும் தெரியும். இதுபோல் நான்கைந்து நாட்களில் ஒரே வரிசை திரும்ப வந்தால், எங்கே கைவைக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

எழுத முடியாத அளவுக்குச் சோர்ந்த நாளில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்ற மூன்றை மட்டும் குறியுங்கள். விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள்.

வினாத்தாள்களை எவ்வளவு நம்பலாம்

மனச்சோர்வுக்கு 2001இல் வெளியான பிஎச்கியூ-9, பதற்றத்துக்கு 2006இல் வெளியான ஜிஏடி-7 ஆகிய இரண்டும் உலகெங்கும் பயன்படுகின்றன. இரண்டுமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பவை. முதலாவதில் 27 வரையும் இரண்டாவதில் 21 வரையும் மதிப்பெண் வரும். எதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தாலும் மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. பிஎச்கியூ-9இன் கடைசிக் கேள்வி உயிரைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், யாரிடமாவது பேசிவிடுங்கள்.

பொதுவான அறிகுறிகள் இரண்டிலும் கணக்கில் வருவதால் ஒன்று ஏறினால் மற்றதும் பெரும்பாலும் ஏறும். எனவே இவை காய்ச்சலை அளப்பது போன்றவை, காரணத்தைச் சொல்லமாட்டா. சிகிச்சை தொடங்கிய பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பி, எண் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கே இவை அதிகம் உதவும். ஒரு நிமிடக் காணொளியில் வரும் ‘இந்த ஐந்தும் இருந்தால் உங்களுக்கு இன்ன நோய்’ என்ற பட்டியல்களை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அவை சோதித்துப் பார்க்கப்பட்டவை அல்ல.

எங்கிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்யப் பார்ப்பவர்கள் மூன்றாம் நாளே களைத்துவிடுவார்கள். பல நிலைகளுக்கும் பொதுவாக உள்ள ஒன்றைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். எழும் நேரம், தவிர்த்தல், செயல்குறைவு ஆகிய மூன்றும் அப்படிப் பொதுவானவை. இந்த மூன்றில் உங்கள் குறிப்பில் அதிகம் தென்படும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

தூங்கும் நேரத்தை நாம் கட்டுப்படுத்த முடியாது. எழும் நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். இரவு எப்படிப் போனாலும், விடுமுறையானாலும், ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். படுத்து இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உத்தேசக் கணக்கு போதும். படுக்கை என்றால் புரளும் இடம் என்று உடம்பு பழகிப்போயிருப்பதை மாற்றுவதற்கான வழி இது.

தவிர்த்தல்தான் பதற்றத்துக்குத் தீனி. மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டதும் சட்டென்று ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே மூளைக்குப் ‘பார்த்தாயா, அது ஆபத்துதான்’ என்று பாடம் சொல்லிவிடுகிறது. மறுநாள் பயம் ஒரு படி உயர்ந்து நிற்கும். இதற்கு எதிர்வழி, படிப்படியாக நெருங்குவது. முதலில் மின்னஞ்சலின் தலைப்பை மட்டும் படிப்பது, அடுத்து திறந்து படித்துவிட்டுப் பதில் எழுதாமல் மூடுவது, அதற்கடுத்து ஒரு வரிப் பதில். ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும், சற்று இருந்தால் தானாகவே தணியும். தணிந்ததை உடம்பு உணரும்வரை அங்கேயே இருப்பதுதான் பயிற்சி. பதற்றம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

மனச்சோர்வில் வரிசை தலைகீழாக இருக்கிறது. ‘மனம் வந்தால் செய்வேன்’ என்று நினைக்கிறோம். சோர்ந்த மனம் தானாக வராது, செயலுக்குப் பின்னால்தான் மெல்ல வரும். நாளுக்கு ஒரே ஒரு சிறு செயலை நேரம் குறித்து வையுங்கள்: ஐந்து மணிக்குப் பத்து நிமிட நடை, ஏழு மணிக்கு ஒருவருக்கு ஒரு குறுஞ்செய்தி. செய்யும்போது மகிழ்ச்சி வரவில்லை என்றாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அளவை மிகச் சிறிதாக வையுங்கள். குளிக்கவே மலைப்பாக இருக்கும் நாளில் முகம் கழுவுவதுகூட அன்றைய செயல்தான், அதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

கவலை நாள் முழுவதும் ஒழுகிக்கொண்டிருந்தால் அதற்கென்று மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இடையில் தலைகாட்டும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு ‘மாலையில் பார்க்கலாம்’ என்று வேலைக்குத் திரும்புங்கள். அந்த நேரம் வரும்போது உட்கார்ந்து, பட்டியலில் உள்ளவற்றில் நாம் ஏதாவது செய்ய முடிந்ததை மட்டும் எடுத்து அடுத்த படியை எழுதுங்கள். முதல் சில நாட்கள் இது செயற்கையாகத் தோன்றும். கவலையை ஒழிக்க முயலாமல் தள்ளிப்போட மட்டும் சொல்வதால்தான் இது பலருக்குக் கைகூடுகிறது.

ஒன்றுக்கு உதவுவது இன்னொன்றுக்கு இடைஞ்சலாகும்போது

கலந்து வரும் அறிகுறிகளில் உண்மையான சிரமம் இங்கேதான். பொதுவான அறிவுரைகள் ஒரே ஒரு பிரச்சினை உள்ளவரை மனதில் வைத்துச் சொல்லப்படுகின்றன.

‘நன்றாக ஓய்வெடுங்கள்’ என்பது வேலைப்பளுவால் நைந்தவருக்குப் பொருந்தும். மனச்சோர்வு உள்ளவர் அதைக் கேட்டுப் படுத்தே கிடந்தால் சோர்வு ஆழமாகும். ஓய்வெடுத்த பிறகு தெம்பு கூடுகிறதா குறைகிறதா என்பதை இரண்டு மூன்று நாள் குறித்துப் பார்த்தால் உங்களுக்கு எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

மூச்சை மெதுவாக வெளியே விடும் பயிற்சி படபடப்பைத் தணிக்கும். ஆனால் திடீர்ப் பீதி உள்ளவர் ‘மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் செத்துவிடுவேன்’ என்று அதையே பற்றிக்கொண்டால், அதுவும் ஒரு தவிர்த்தலாகிவிடும். எண்ணச் சுழற்சி நோய் இருப்பவருக்கு அது இன்னொரு சடங்காக மாறலாம். அவரிடம் ‘ஒன்றும் ஆகாது, கதவு பூட்டித்தான் இருக்கிறது’ என்று வீட்டார் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த நேரத்துக்கு ஆறுதலாகத் தெரிந்து சந்தேகத்தை வளர்க்கும். கண்ணை மூடி அமரும் தியானம், அதிர்ச்சிக்கு ஆளான சிலருக்குப் பழைய காட்சிகளைக் கொண்டுவரும். அவர்கள் கண்ணைத் திறந்தே, பாதம் தரையில் படுவதைக் கவனித்து, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களுக்கு மனதுக்குள் பெயர் சொல்வது பாதுகாப்பானது.

இருமுனையக் கோளாறு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தூக்கத்தைக் குறைக்கும் எந்த முறையையும் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் முயல வேண்டாம். தூக்கம் குறைவதே சிலருக்கு எழுச்சி நிலையைத் தூண்டிவிடும். ஏடிஎச்டி உள்ளவருக்கோ நீண்ட குறிப்பேடும் பத்துப் படித் திட்டமும் தோல்விக்கு வழி. அவருக்குச் சுவரில் ஒட்டிய ஒரு வரியும் கைபேசியில் ஓர் அலாரமும் போதும்.

மருத்துவரிடம் போகும்போது

தொந்தரவு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வேலையையும் உறவையும் அன்றாடக் கடமைகளையும் பாதித்தாலோ போய்விடுங்கள். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், நோயை உறுதிசெய்து மருந்து எழுதித் தருவார். உளவியல் நிபுணர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார். பொது மருத்துவரிடம் தொடங்குவதும் நல்ல வழிதான், ரத்தப் பரிசோதனைகளை அங்கேயே முடித்துவிடலாம்.

முதல் சந்திப்பின் நேரம் குறைவு. பதற்றத்தில் முக்கியமானது மறந்துபோகும், அல்லது நன்றாக இருப்பதுபோல் பேசிவிட்டு வந்துவிடுவோம். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: மிக அதிகம் தொந்தரவு தரும் மூன்று, எது முதலில் தொடங்கியது, அதனால் எதைச் செய்ய முடியாமல் போகிறது, எடுத்துக்கொள்ளும் மருந்துகள், மது மற்றும் புகையிலைப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ இருந்ததா என்பது. உயர்ந்த காலங்கள் இருந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இருமுனையக் கோளாறில் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மேனியா எனப்படும் மிகை எழுச்சி வரக்கூடும்.

‘இது ஒன்றா, ஒன்றுக்கு மேற்பட்டதா? எதை முதலில் கவனிக்கப் போகிறோம்? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன?’ என்று கேளுங்கள். நோயின் பெயர் பிறகு மாறினால் முதல் மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். சில நிலைகள் காலப்போக்கில்தான் தம் முழு உருவத்தைக் காட்டும்.

எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்குமே பயன்படுகின்றன. பலன் தெரியத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். குமட்டலும் அமைதியின்மையும் போன்ற பக்கவிளைவுகள் முதல் நாட்களிலேயே வந்துவிடும். பலன் வருமுன் பக்கவிளைவு வருவதால்தான் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தாமல் மருத்துவரை அழைத்துப் பேசுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டாரும் கவனிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று திடீரென விட்டுவிட்டால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும், அதை நோய் திரும்பியதாகத் தவறாக எண்ணவும் நேரும். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

கூட இருப்பவர்களுக்கு

‘தைரியமாக இரு’, ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். ‘இன்று எது மிகவும் கஷ்டமாக இருந்தது?’ என்று கேளுங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவது, கூடப் போவது, திரும்பி வந்து அவர் சொன்னதை எழுதிவைப்பது எல்லாம் பெரிய உதவி. உயிரைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். ‘சாகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று அமைதியாகக் கேட்பது ஆபத்தைக் கூட்டாது, பெரும்பாலும் பேச வாய் திறக்கவே உதவும். பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள்.

நலமாக இருக்கும் ஒரு நாளில்

கொஞ்சம் தேறிய பிறகு ஒரு தாளை எடுத்து, உங்களுக்குச் சரிவு தொடங்கும்போது முதலில் தெரியும் மூன்று மாற்றங்களை எழுதுங்கள். பெரும்பாலும் அவை சோகமோ பயமோ அல்ல. அழைப்புகளை எடுக்காமல் விடுவது, படுக்கும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போவது, சமைக்காமல் கிடைத்ததைச் சாப்பிடுவது போன்ற சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். உங்கள் இரண்டு வாரக் குறிப்பிலேயே அவை இருக்கும், தேடிப் பாருங்கள். அதன் கீழே, அப்போது செய்ய வேண்டிய இரண்டு வேலைகளையும் மருத்துவரின் எண்ணையும் உதவி எண்ணையும் எழுதுங்கள். ஒரு பிரதியை உங்களோடு வைத்துக்கொண்டு இன்னொன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மூன்றில் இரண்டைக் கண்டால் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்காமல் கேட்டுவிடும்படி சொல்லிவையுங்கள்.